குளத்து எல்லைக்கல்லுக்கு அப்பால் இருக்கும் பட்டா நிலத்தையும் காக்கச் சட்டமும் நிதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நெல்லைச் சீமைக் குளங்களில் ஆக்கிரமிப்பை அகற்றுவது, தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. அனைத்தும் செய்ய வேண்டிய வேலைகளே. ஆனால் அவை எல்லாம் குளத்துப் புறம்போக்கின் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகின்றன. கல்லுக்கு அப்பால் இருப்பது பட்டா நிலம். மானாவாரிக் குளத்துக்கு வரும் மழைத் தண்ணீரில் நல்ல பங்கு அந்தப் பட்டா நிலங்களின் மேல் வழிந்துதான் வருகிறது. நிலத்தை உரிமையாளர் கையிலேயே விட்டுவைத்து, அதன் தன்மை மட்டும் மாறாமல் காப்பதற்கு இன்று நம்மிடம் பொருத்தமான சட்டமும் இல்லை, நிதியும் இல்லை. இரண்டையும் கேட்டே இக்கடிதம்.

தாமிரபரணிப் பாசனத்தில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் இருக்கின்றன. அங்கே குளத்துக்குத் தண்ணீர் கால்வாய் வழியாக வருகிறது. கால்வாய் அரசுக் கணக்கில் இருக்கிறது. நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் நிலைமை வேறு. மணிமுத்தாற்றுத் தண்ணீர் எட்டும் குளங்களுக்குக்கூட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய பலம். இங்கே நிலத்தின் சரிவு மிகக் குறைவு. தண்ணீர் ஓடையாகத் திரளும் முன்பே தரையோடு தரையாகப் பரவி வழிந்து, மழைக்கு மட்டும் ஓடும் சிறு பள்ளங்களில் சேர்ந்து, பிறகுதான் வரத்துக்காலுக்கு வருகிறது. வருவாய்க் கணக்கில் ஓடை என்று பதிவான பகுதி புறம்போக்கு. அதற்கு மேலே உள்ள சிறு பள்ளங்கள் எல்லாம் பட்டாவுக்குள் அடங்கியவை. 2007ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இந்தப் பள்ளங்களைத் தொடுவதில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பத்து ஏக்கர் புஞ்செயை வாங்குகிறவர் முதலில் சரள் மண் அடித்து 2 அடி உயர்த்துகிறார். மனைகளுக்கு நடுவே 23 அடி, 30 அடி என்று பாதை போடுகிறார். சுற்றிலும் ஹாலோ பிளாக் சுவர் எழுப்புகிறார். பாதைக்கு அடியில் குழாய் வைத்தால் ஒற்றைக் குழாய்தான் வைப்பார். அதுவும் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு அரை அடி மேலே இருக்கும். முதல் மழையில் குப்பையும் மணலும் சேர்ந்து அது அடைத்துக்கொள்ளும். சுவருக்கு மேற்கே தண்ணீர் தேங்கும். கிழக்கே குளம் காயும். இதில் எந்தச் செயலும் ஆக்கிரமிப்பு ஆகாது. தன் பட்டாவில் தான் செய்த வேலை. குளத்தை எத்தனை முறை தூர்வாரினாலும் இந்தக் குறை தீராது. குளத்துக்கு மேலே உள்ள நிலத்தில் கல் உடைக்கக் குழி தோண்டினால் இதைவிட மோசம். பெய்த மழை முழுவதும் குழிக்குள்ளேயே தங்கிவிடும்.

பறவைகளுக்கும் இதே கதிதான். கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் அந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். திருப்புடைமருதூரில் நறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் நாரைகள் கூடு கட்டும் இடம், 2005 பிப்ரவரியில் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவு. கூட்டுக்கு அது போதும், இரைக்குப் போதாது. மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு மீன் பிடித்து வருவது சுற்றுவட்டாரத்து வயலிலும் குளத்து ஓரத்திலும். குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து மேய்வதும் வயல்வெளியில்தான். சரணாலய எல்லைக்கு உள்ளே ஒரு செடியைப் பிடுங்க முடியாது; எல்லையைத் தாண்டினால் வயலை மேடாக்கி மனை போடத் தடை சொல்ல ஆளில்லை.

மற்ற நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நில அறக்கட்டளை என்பது நிலத்தையோ, நிலத்தின் மேல் உள்ள சில உரிமைகளையோ பொது நன்மைக்காக வைத்துக் காக்கும் அமைப்பு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891இலும், இங்கிலாந்தில் 1895இலும் இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் தோன்றின. தொடக்கத்தில் நிலத்தையே வாங்கினார்கள். பிறகுதான், எல்லா நிலத்தையும் வாங்கக் காசு போதாது, வாங்கவும் தேவையில்லை என்று கண்டு, உரிமையில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து வாங்கும் முறைக்கு வந்தார்கள். நம் பத்திரங்களில் வண்டிப்பாதைப் பாத்தியம், நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் என்று எழுதுகிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்தது இது. இக்கடிதத்தில் காப்புப் பாத்தியம் என்று குறிப்பிடுகிறோம்.

நிலத்துக்காரர் நிலத்துக்காரராகவே இருப்பார். உழுவார், விதைப்பார், குத்தகைக்கு விடுவார், விற்பார், பிள்ளைக்கு எழுதிவைப்பார். மனை பிரிக்கும் உரிமை, தரையை உயர்த்தும் உரிமை, மண்ணும் கல்லும் எடுக்கும் உரிமை ஆகியவற்றை மட்டும் பதிவுப் பத்திரம் மூலம் அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுப்பார். அறக்கட்டளை அந்த உரிமைகளைப் பயன்படுத்தாது. வேறு யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு உள்ள அதிகாரம் இரண்டே: சொல்லிவிட்டு வந்து நிலத்தைப் பார்வையிடுவது, மீறல் நடந்தால் நீதிமன்றத்தில் தடுப்பது. அடுத்து வாங்குகிறவரையும் அந்தப் பத்திரம் கட்டுப்படுத்தும்.

கேட்க அந்நியமாகத் தோன்றலாம். ஏரியைப் பராமரிக்கவென்றே நிலத்தை ஒதுக்கி, ஏரிப்பட்டி என்று கல்லில் வெட்டிவைத்த நாடு இது. கோயில் விளக்குக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் நிலம் எழுதிவைத்த கட்டளைகள் இன்றும் இந்தச் சீமையில் நடக்கின்றன.

இந்தியாவில் இதை ஏன் அப்படியே செய்ய முடியாது என்பதை வழக்கறிஞர்கள் அறிவார்கள். பொதுமக்களும் அறிய வேண்டும். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 4ஆம் பிரிவு, பாத்தியம் என்றால் ஒரு நிலத்தை நன்றாக அனுபவிப்பதற்காக இன்னொருவர் நிலத்தின் மேல் உள்ள உரிமை என்கிறது. அதாவது இரண்டு நிலங்கள் இருக்க வேண்டும்: பயன்பெறும் நிலம் ஒன்று, கட்டுப்படும் நிலம் ஒன்று. பக்கத்தில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத அறக்கட்டளைக்கு ‘பறவைக்காக’, ‘நீர்வரத்துக்காக’ என்று பாத்தியம் எழுதிக்கொடுத்தால் அது நிற்காது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை அடுத்து வாங்குகிறவரையும் பிடிக்கும் என்கிறது. ஆனால் அவர் அதை அறிந்து வாங்கியிருக்க வேண்டும், அல்லது விலை கொடுக்காமல் பெற்றிருக்க வேண்டும். அங்கும் நிபந்தனை கேட்பவருக்குச் சொந்த நிலம் ஒன்று இருக்க வேண்டும். ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்த கட்டு இது. இங்கிலாந்தே 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின் மூலம் இந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. 2022 செப்டம்பர் 30 முதல் அங்கே அருகில் நிலம் இல்லாத அமைப்பும் காப்பு உடன்படிக்கை செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் 1981இலேயே மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. நாம் மட்டும் 1882இல் நிற்கிறோம்.

சட்டம் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாதா என்றால், ஓரளவு முடியும். குளத்தை ஒட்டி, வரத்துக்கால் வந்து சேரும் இடத்தில், அறக்கட்டளை ஐந்து பத்து சென்ட் நிலத்தைக் கிரயம் வாங்கலாம். அதைப் பயன்பெறும் நிலமாகக் காட்டி, மேலே உள்ள நிலத்துக்காரர்களிடம் ‘இயல்பாக வழியும் நீரைத் தடுப்பதில்லை’ என்ற பாத்தியத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். நீர்வரத்து விஷயத்தில் இது நீதிமன்றத்தில் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. பறவை, மரம், விளைநிலம் என்று போனால் வாதம் பலவீனம்தான். ஐந்து சென்ட் தரிசை ‘நன்றாக அனுபவிக்க’ அடுத்த வயலில் நாரை மேய வேண்டும் என்று எந்த நீதிபதியிடம் நிறுவ முடியும்? இன்னொரு சிக்கலும் உண்டு. பிற்காலத்தில் அறக்கட்டளையே கட்டுப்படும் நிலத்தையும் வாங்கி, இரண்டும் ஒரே கைக்கு முழு உரிமையாக வந்தால் பாத்தியம் தானாக அற்றுப்போகும். இதை அறியாமல் நல்ல எண்ணத்தோடு அடுத்த நிலத்தை வாங்கி, இருந்த காப்பையும் இழக்க நேரும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 36சி பிரிவு இருக்கிறது. 2002 திருத்தத்தில் வந்தது. தனியாரோ சமூகமோ தாமாக முன்வந்தால் அவர்கள் நிலத்தைச் சமூகக் காப்பகமாக அரசு அறிவிக்கலாம். அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். காப்புப் பாத்தியத்துக்கு மிக அருகில் வரும் இந்தியச் சட்டம் இதுதான். ஆனால் இதில் நிலத்துக்காரருக்கு ஒரு காசு கிடையாது. எதை விட்டுக்கொடுக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று வரி வரியாகப் பேசி எழுதும் இடமும் கிடையாது. காட்டுப்பன்றி வயலை உழுதுபோடும் ஊரில், ‘நிலத்தை வனத்துறைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்’ என்ற அச்சம் இருக்கிறது. அந்த அச்சம் தவறு என்று சொல்லிப் பயனில்லை. அது இருக்கும்வரை யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள்.

எனவே மாநிலச் சட்டம் வேண்டும். அரசமைப்பின் 7ஆம் அட்டவணையில் நிலமும் நிலத்தின் மேல் உள்ள உரிமைகளும் மாநிலப் பட்டியலின் 18ஆம் இனம். சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரம் உண்டு. மத்தியச் சட்டங்களோடு முரண்படும் என்று கருதினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம். நிரந்தரமாகக் கட்டிப்போடுவதைச் சட்டம் ஏற்குமா என்று சிலர் கேட்கிறார்கள். பொது நன்மைக்கான சொத்து மாற்றத்துக்குக் காலவரம்பு விதியிலிருந்து விலக்கு அளிக்கும் 18ஆம் பிரிவு சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது.

இனி நிதி. இங்கேதான் அமெரிக்க வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. அங்கே பாத்தியம் எழுதிக்கொடுப்பவருக்கு வருமான வரியில் விலக்கு கிடைக்கிறது. அதுவே முக்கியத் தூண்டுகோல். நம் ஊரில் விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லை. இல்லாத வரியில் விலக்கு கொடுத்து யாரை இழுப்பது? நிலத்தீர்வையைத் தள்ளுபடி செய்யலாம் என்பதும் பேச்சுக்குத்தான். அது மிகச் சிறு தொகை. 80ஜி என்று நாம் அறிந்த நன்கொடைச் சலுகையும் பணமாகக் கொடுத்தால்தான். நிலமாகவோ உரிமையாகவோ கொடுத்தால் கிடையாது. இதற்கு மேல் முத்திரைத் தீர்வை. குடும்பத்தாரல்லாத அறக்கட்டளைக்கு நிலத்தைத் தானமாக எழுதினாலும் 7 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்று வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம் போகிறது. பொது நன்மைக்குக் கொடுப்பவரிடம் அரசு காசு வாங்கும் இந்த ஏற்பாட்டை ஓர் அரசாணையால் மாற்ற முடியும். முதலில் அதைச் செய்ய வேண்டும்.

நமக்கு ஏற்றது ஆண்டுத்தொகை. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்தால் அது ஒரு கல்யாணத்தில் தீர்ந்துபோகும். அடுத்த தலைமுறைக்குக் கட்டுப்பாடு மட்டும் மிஞ்சும். வழக்கு அங்கேதான் பிறக்கிறது. ஆண்டுதோறும் வரும் தொகை நிலத்தோடு போகும். வாங்குகிறவருக்கும் அது வரும் என்பதால் விற்பனை விலையும் அவ்வளவு விழாது. கேரளத்தில் 2008 முதல் நெல்வயலை மாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. தடை மட்டும் போதாது என்று கண்டு, 2020இல் நெல்வயல் உரிமையாளர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு 3,000 ஆக்கினார்கள். ஏக்கருக்குச் சுமார் 1,200 ரூபாய். யோசனை சரி, தொகை மிகக் குறைவு. சாலையோர நிலத்துக்கு மனைத் தரகர் வீட்டு வாசலில் நிற்கும்போது 1,200 ரூபாய் யாரையும் தடுக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நடுத்தரக் குளத்துக்கு மேலே, நீர்வரத்துக்கு இன்றியமையாத பட்டா நிலம் 300 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் என்றால் 24 லட்சம். கண்காணிப்பு, அளவை, வழக்குச் செலவுக்கு 3 லட்சம். இந்த 27 லட்சத்தையும் வைப்புநிதி வட்டியில் கொடுக்க நினைத்தால், 7 சதவீத வட்டியில் 4.5 சதவீதத்தை விலைவாசி ஏற்றத்துக்காக முதலோடு சேர்த்துவிட வேண்டும். கைக்கு நிற்பது 2.5 சதவீதம். அப்படியானால் முதல் 10 கோடியே 80 லட்சம் வேண்டும். ஏக்கருக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். உட்காட்டு மானாவாரிப் புஞ்செயைப் பல இடங்களில் வாங்கியே விடலாம். ஆகவே ஆண்டுத்தொகையை வைப்புநிதியிலிருந்து எடுப்பது சரிவராது. ஆண்டுதோறும் வரும் வரி வருவாயிலிருந்தே எடுக்க வேண்டும். கண்காணிப்புக்கான 3 லட்சத்துக்கு மட்டும் 1 கோடியே 20 லட்சம் நிரந்தர வைப்பு வைத்தால் போதும். நிலத்தையே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வாங்கினால் உழவு நின்றுபோகும்; உழவில்லாத நிலத்தில் ஐந்தே ஆண்டில் சீமைக்கருவேலம் மூடிக்கொள்ளும்; காவலுக்கு ஆள் வேண்டும். உழுகிறவர் கையில் நிலம் இருப்பதே மலிவான காவல்.

வரி வருவாய் எங்கே இருக்கிறது? கல்குவாரிகள் நிறைந்த மாவட்டம் இது. 2015 கனிமச் சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி சேர்கிறது. குடிநீரும் சுற்றுச்சூழலும் அதன் முன்னுரிமைப் பணிகள். 2024ஆம் ஆண்டின் கனிமவள நில வரிச் சட்டத்தால் மாநிலத்துக்குப் புது வருவாயும் வருகிறது. அதில் ஒரு பங்கை, குவாரி இருக்கும் வட்டத்திலேயே, நீர்வரத்து நிலங்களின் ஆண்டுத்தொகைக்கு ஒதுக்குவது நியாயம். ராதாபுரம் பக்கத்துக் காற்றாலை, சூரிய மின் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பலர் சுட்டிக்காட்டுகிறார்கள். அதில் ஒரு வரம்பு இருக்கிறது: தொடர் திட்டமானாலும் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும், அறக்கட்டளையின் மூலதன நிதிக்குக் கொடுப்பதும் செல்லாது. எனவே அந்தப் பணத்தை முதல் அளவை, வரைபடம், எல்லைக்கல் நடுதல் போன்ற ஒருமுறைச் செலவுக்கு வாங்கலாம். ஆண்டுத்தொகைக்கு அதை நம்பித் தொடங்கினால் நான்காம் ஆண்டில் தொகை நின்றுபோகும். தொகை நின்றால் கட்டுப்பாடும் நிற்காது.

பத்திரத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் காரியம் நிற்கும் அல்லது விழும். ‘இயற்கைக்குக் கேடு செய்யக் கூடாது’ என்று எழுதினால் நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது. ‘இணைப்பு வரைபடத்தில் நீலக் கோட்டுக்கு உட்பட்ட பகுதியில், பத்திர நாளில் இருந்த தரைமட்டத்தை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது, வரப்பு 45 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பாதை போட்டால் பள்ளத்தின் அடிமட்டத்திலேயே தூம்பு வைக்க வேண்டும்’ என்று எழுத வேண்டும். அனுமதிப்பதையும் அதே அளவு விளக்கமாக எழுத வேண்டும். கிணறு எத்தனை, களமும் மாட்டுத்தொழுவமும் எத்தனை சதுர அடி, பிள்ளைகளுக்கு வீடு கட்ட எந்த மூலையில் எத்தனை சென்ட் என்று முன்கூட்டியே ஒதுக்கிவைக்காத பத்திரம் பத்தாண்டில் தகராறில் முடியும். அறுப்புக்குப் பின் ஆட்டுக்கிடை போடுவோர், வாத்து மேய்ப்போர், பனையேறுவோர் ஆகியோரின் வழக்கங்களைப் பத்திரம் தொடக் கூடாது. குத்தகைதாரர் இருந்தால் ஆண்டுத்தொகையில் அவருக்கும் பங்கு எழுதியாக வேண்டும்.

பத்திரத்தோடு அன்றைய நிலைமையின் பதிவேடு ஒன்று இணைய வேண்டும். புல வரைபடம், ‘அ’ பதிவேட்டு நகல், அடங்கல், நிலையான ஒரு கல்லையோ மதகின் படியையோ ஆதாரமாகக் கொண்டு எடுத்த மட்ட அளவுகள், கிணற்றின் ஆழம், பனைகளின் எண்ணிக்கை, குறித்த இடங்களிலிருந்து நாலு திசையிலும் எடுத்த புகைப்படங்கள். படங்களைக் கார்த்திகையில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் எடுக்க வேண்டும். சித்திரைப் படத்தில் பள்ளமே தெரியாது, கார்த்திகைப் படத்தில் எல்லை தெரியாது. ஒவ்வொரு தாளிலும் நிலத்துக்காரரின் கையெழுத்து வேண்டும். இந்தப் பதிவேடு இல்லாத பாத்தியத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை: முன்பு தரை எந்த மட்டத்தில் இருந்தது என்று காட்ட முடியாதவர், உயர்த்திவிட்டார்கள் என்று எப்படி வழக்காடுவார்?

பதிவு அலுவலகத்தில் நடக்கும் கோளாறுகள் இரண்டு. பத்திரத்தை வெறும் ஒப்பந்தம் என்று கருதி, நிலப் பத்திரங்களுக்கான 1ஆம் புத்தகத்தில் சேர்க்காமல் மற்றவற்றுக்கான 4ஆம் புத்தகத்தில் சேர்த்துவிட்டால் அது வில்லங்கச் சான்றில் வராது. வாங்குகிறவர் ‘எனக்குத் தெரியாது’ என்பார். அதோடு கட்டுப்பாடு போயிற்று. இரண்டாவது, உட்பிரிவு. புல எண் 112/3 பிரிந்து 112/3ஏ, 3பி ஆனபின், புது எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் பழைய எண்ணில் உள்ள பாத்தியம் தெரியாமல் போகலாம். உட்பிரிவு உத்தரவிலேயே பாத்தியத்தை ஏற்றி எழுதவும், பட்டாவின் குறிப்பில் காட்டவும் விதி வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை மறுக்கப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. காப்புப் பாத்தியம் உள்ள நிலத்தை மனையாகப் பதிய வந்தால் மறுப்பதற்கு அதே பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கூட்டுப்பட்டா பற்றியும் சொல்ல வேண்டும். மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கும் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திடாமல் எழுதிய பாத்தியம், பாகப்பிரிவினை வழக்கில் அடிபடும். பொது அதிகாரப் பத்திரம் வழியாக எழுதினால், பாத்தியம் கொடுக்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்கும் அதிகாரம் மட்டும் இருந்தால் போதாது. ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடமானம் இருந்தால், அடமானத்துக்குத்தான் முதலிடம். கடன் தவறி நிலம் ஏலம் போனால் பாத்தியமும் போய்விடும். ஆகவே கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வச் சம்மதத்தைப் பத்திரத்தின் இணைப்பாகப் பெற வேண்டும்.

கண்காணிப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். மனைப் பாதை போடுவதும் குழி தோண்டுவதும் அதில் தெரியும். ஒரு அடி மண் நிரப்புவது தெரியாது. அதற்கு ஆண்டுக்கு இரு முறை நேரில் போய் மட்டம் பார்த்தே ஆக வேண்டும். நிலம் கைமாறிய மாதத்திலேயே புது உரிமையாளரைப் போய்ப் பார்த்துப் பத்திரத்தை வாசித்துக் காட்டுவது எல்லாவற்றிலும் முக்கியம். மீறல்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முறைகேட்டுக்கும் இடம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் சிலர் கூட்டாக நிலம் வாங்கி, ‘இங்கே விடுதி கட்டியிருந்தால் இவ்வளவு பெறும்’ என்று மதிப்பீட்டாளரைக் கொண்டு பல மடங்கு மதிப்பு எழுதவைத்து, பாத்தியம் கொடுத்ததாகக் காட்டி, போட்ட பணத்தைப்போல் பல மடங்கு வரிவிலக்கு வாங்கினார்கள். 2022இல்தான், போட்ட பணத்தின் இரண்டரை மடங்கைத் தாண்டும் விலக்குச் செல்லாது என்று சட்டம் போட்டு அடைத்தார்கள். இங்கே தொகையை மதிப்பீட்டாளர் கையில் விடாமல், நஞ்செய், புஞ்செய், தோப்பு என்று வகைக்கு ஒரு நிரந்தர விகிதமாக அரசே அறிவித்தால் இந்த ஓட்டை இல்லை. அறங்காவலர்கள் ஒரே குடும்பத்தார் ஆகக் கூடாது. அறங்காவலரோ உறவினரோ அந்தக் குளத்தின் நீர்ப்பிடிப்பில் மனைத்தொழில் செய்யக் கூடாது. கணக்கும் ஒவ்வொரு பத்திரத்தின் சுருக்கமும் ஆண்டுதோறும் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். அறக்கட்டளை கலைந்தால் பாத்தியம் யார் கைக்குப் போகும் என்று பத்திரத்திலேயே மாற்று அமைப்பின் பெயர் இருக்க வேண்டும். அரசு சாலைக்காக நிலத்தை எடுத்தால், 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி வரும் இழப்பீட்டில் பாத்தியத்தின் பங்கு அறக்கட்டளைக்கு வந்து வேறு நிலத்தைக் காக்கப் பயன்பட வேண்டும்.

நில உச்சவரம்புச் சட்டத்தைப் பற்றிய ஐயத்தையும் புதுச் சட்டம் தீர்த்துவைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்ற வரம்பு நல்ல நோக்கத்தில் வந்தது. அறக்கட்டளை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரு கையில் சேர்வதை யாரும் விரும்ப மாட்டார்கள். காப்புப் பாத்தியம் உரிமை மாற்றம் அல்ல, வரம்புக் கணக்கில் சேராது என்று ஒரு விளக்கம் எழுதிவிட்டால் இந்தப் பேச்சு எழாது.

சட்டம் நிறைவேறும்வரை காத்திராமல் ஒரு முன்னோட்டத்தைத் தொடங்கலாம். கூந்தன்குளம், காடன்குளத்தின் நீர்வரத்து நிலங்களும் திருப்புடைமருதூரைச் சுற்றியுள்ள நஞ்செயும் அதற்குப் பொருத்தமானவை. அங்கே ஊரின் மனம் ஏற்கெனவே இந்தப் பக்கம் இருக்கிறது. பத்தாண்டு ஒப்பந்தமாக ஆண்டுத்தொகை கொடுத்து, பதிவேடு தயாரித்து, எது நடக்கிறது எது நடக்கவில்லை என்று பார்த்துச் சட்ட வரைவைத் திருத்தலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் பதிவுத்துறை, நீர்வளத்துறை, வேளாண்துறை, வனத்துறை ஆகிய நான்கும் உட்காரும் ஒரு குழு போதும். நீர்வரத்துப் பள்ளங்கள் எந்தெந்தப் புல எண்களில் ஓடுகின்றன என்ற பட்டியலை முதல் மழைக்காலத்திலேயே கிராம நிர்வாக அலுவலர்கள் எடுத்துவிட வேண்டும். மாதிரிப் பத்திரத்தின் வரைவைத் தமிழில் அச்சிட்டு, ஜமாபந்திக்கு மக்கள் வரும் நாட்களில் வட்டாட்சியர் அலுவலக வாசலிலேயே வாசித்துக் காட்டி ஆட்சேபம் கேட்கலாம்.

இப்படிக்கு,
மானாவாரிக் குளத்துப் பாசனதாரர்களும் நிலப் பத்திரப் பணியில் உள்ளோரும் சிலர்,
நாங்குநேரி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.